பழைய சைக்கிள் பார்ட்ஸுக்கு வருஷம் சொல்றது ஏன் இவ்ளோ குழப்பம்?

பழைய வண்டி ஒண்ணு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல கேக்குறது இது எந்த வருஷத்துதுன்னுதான். பைக், கார்னா ஆர்.சி. புக்கப் பிரிச்சா முடிஞ்சுது. சைக்கிளுக்கு ஏது ஆர்.சி. புக்? விக்கிறவர் "எங்க தாத்தா ஓட்டுனது சார், வெள்ளக்காரன் காலத்து வண்டி"ன்னு சொல்வாரு, வண்டியப் புரட்டிப் போட்டுப் பாத்தா பாதி பார்ட் இங்கிலாந்து, மீதி லூதியானா. சரின்னு பார்ட்ஸ் மேல அடிச்சிருக்கிற நம்பரையும் எழுத்தையும் தேட ஆரம்பிக்கிறோம். சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது. இரும்புல அடிச்ச நம்பர் பொய் சொல்லாதுதான், ஆனா நாம கேக்குறது வண்டியோட வயச, அது சொல்றது வேற எதையோ.

இதுல புதுசா இறங்குறவங்களுக்கு முதல்ல புரிய வேண்டியது, ஒரு பார்ட்டுக்கு ஒரு வருஷம் மட்டும் கிடையாது, நாலஞ்சு வருஷம் இருக்கு. அந்த டிசைன் பொறந்த வருஷம், அதுக்குப் பேட்டண்ட் வாங்குன வருஷம், உங்க கையில இருக்கிற இந்த ஒரு பீஸ் ஃபேக்டரில தயாரான வருஷம், அது கடைக்கோ வண்டிக் கம்பெனிக்கோ போய்ச் சேந்த வருஷம், கடைசியா யாரோ ஒருத்தர் ஸ்பேனர் வச்சு இந்த வண்டியில மாட்டுன வருஷம். அஞ்சும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா அதிர்ஷ்டம். பல வண்டியில முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவுல அம்பது வருஷம் கூட இருக்கும், அதுல எந்த வருஷத்த நாம படிக்கிறோம்னு தெரியாம படிக்கிறதாலதான் பாதி சண்டையே வருது.

சுலபமான கேஸ்ல இருந்து ஆரம்பிப்போம், ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு ஸ்பீட் ஹப் (ஹப்னா சக்கரத்து நடுவுல இருக்கிற குடம், இதுல கியர் அதுக்குள்ளயே இருக்கும்). இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் ஊர்ல 1902-ல ஆரம்பிச்ச கம்பெனி, ராலே சைக்கிள் கம்பெனியோட சொந்தக் குடும்பம் (யாழ்ப்பாணத்துக்காரங்க றலின்னு பாசமா சொல்ற அதே ராலே தான்). இவங்களோட ஏ.டபிள்யூ. ஹப் 1936-ல வந்து பல தலைமுறை ஓடுச்சு. பின் சக்கரத்து ஹப்ப நல்லாத் துடைச்சுட்டுப் பாத்தீங்கன்னா கம்பெனி பேர், ஏ.டபிள்யூ.ங்கிற மாடல் பேர், பக்கத்துல சின்னதா ரெண்டு நம்பர் இருக்கும். 58-ன்னு ஒண்ணு, 4-ன்னு ஒண்ணு. அப்படின்னா 1958 ஏப்ரல். எந்தக் கோட் புக்கும் வேணாம், நேராப் படிக்கலாம். சைக்கிள் பார்ட்ஸ் உலகத்துல இவ்ளோ நேர்மையா தேதி போட்ட கம்பெனி ரொம்பக் கம்மி. அதுலயும் ராலே வண்டின்னா ஹப்பும் ஃபிரேமும் ஒரே ஊர்ல பொறந்தது, ஹப் தயாராகி சில மாசத்துல வண்டியில ஏறிடும், அதனால ஹப் தேதிய வச்சே வண்டி வயசச் சொல்லிடலாம்னு ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் சரியாவும் வரும்.

ஆனா அது எதோட தேதின்னு யோசிங்க. ஹப்போட வெளிக் கூடு இருக்கே, ஷெல், அதோட தேதி. உள்ள இருக்கிற கியர் செட்டு தனியா கழண்டு வரும், தனியா மாத்தலாம், மாத்தவும் செஞ்சிருக்காங்க. 1950-கள் நடுவுல ஸ்டர்மிக்காரங்க எஸ்.டபிள்யூ.ன்னு ஒரு ஹப் விட்டாங்க, கியர் சரியாப் பிடிக்காம நழுவுதுன்னு பேர் கெட்டுப்போய் சில வருஷத்துலயே நின்னுபோச்சு. அந்த ஷெல்லுக்குள்ள ஏ.டபிள்யூ.வோட உள்பாகம் உக்காரும்ங்கிறதால நிறைய ரிப்பேர் கடையில உள்ள இருக்கிறத எடுத்துக் கடாசிட்டு இதப் போட்டு அனுப்பிட்டாங்க. வெளிய எஸ்.டபிள்யூ. 57-ன்னு இருக்கும், உள்ள ஓடுறது அதுக்கு ரொம்பப் பின்னாடி வந்த செட்டு. இந்த ஹப்புக்கு எந்த வருஷம் போடுவீங்க?

சரி, ஷெல்லும் உள்பாகமும் ஒரே காலம்னே வச்சுக்குவோம். அந்தச் சக்கரம் இந்த வண்டியோட சக்கரம்தானான்னு அடுத்த கேள்வி. சக்கரம்ங்கிறது ரெண்டு நட்டு கழட்டுனா வெளிய வந்துர்ற சாமான். வேற வண்டியில இருந்து முழுச் சக்கரத்தையே மாத்தியிருக்கலாம், இல்ல ஹப்ப மட்டும் வச்சுக்கிட்டு ரிம்மும் ஸ்போக்ஸும் புதுசாப் போட்டிருக்கலாம். இதுல ஒரு சின்ன உதவி இருக்கு, பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன் சக்கரம் 32 ஸ்போக்ஸ், பின் சக்கரம் 40, நம்ம ஊர் கட்ட சைக்கிள் வரைக்கும் அந்தக் கணக்கு வந்துச்சு. இங்கிலாந்து ரோட்ஸ்டர்னு (நிமிந்து உக்காந்து ஓட்டுற சாதா சைக்கிள்) சொல்ற வண்டியில ரெண்டு பக்கமும் 36 இருந்தா எங்கயோ ஒரு மாத்தம் நடந்திருக்குன்னு சந்தேகப்படலாம். வருஷம் தெரியாது, ஆனா ஏதோ கை வச்சிருக்காங்கன்னு தெரியும், அதுவே பெரிய விஷயம்.

இங்கதான் அடிப்படை விதி ஒண்ணு வருது. தேதி அடிச்ச பார்ட் நமக்கு ஒரு கீழ் எல்லைய மட்டும்தான் உறுதியாச் சொல்லும். 1958 ஏப்ரல்னு அடிச்ச ஹப் 1958 ஏப்ரலுக்கு முன்னாடி எந்த வண்டியிலயும் இருந்திருக்க முடியாது. அதுக்கு அப்புறம் எப்ப வேணா ஏறியிருக்கலாம், அடுத்த மாசமே ஏறியிருக்கலாம், கடை அலமாரியில பத்து வருஷம் தூங்கிட்டு ஏறியிருக்கலாம், போன வாரம் கூட ஏறியிருக்கலாம். மேல் எல்லைய எந்த ஸ்டாம்பும் சொல்லாது. இந்த ஒரு விஷயம் மண்டையில ஏறிடுச்சுன்னா மீதியெல்லாம் விவரம் சேக்குற வேலைதான்.

கோட் போடுற கம்பெனிகளுக்கு வருவோம். ஷிமானோ, ஜப்பான்ல ஒசாகா பக்கத்துல சகாய் ஊர்ல 1921-ல ஆரம்பிச்சவங்க. இவங்க பார்ட்டுக்குப் பின்னாடி ரெண்டு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருப்பாங்க, முதல் எழுத்து வருஷம், ரெண்டாவது மாசம். மாசம் ஈசி, ஏ-ன்னா ஜனவரி, அப்படியே எண்ணிக்கிட்டே போனா எல்-ன்னா டிசம்பர். வருஷக் கணக்கு ஏ எழுத்துல 1976-ல ஆரம்பிக்குது, பி 1977, சி 1978, இப்படியே போனா ஐ 1984. அப்ப "ஐ ஈ"ன்னு இருந்தா 1984 மே. நல்ல சிஸ்டம்தான், ஆனா இங்கிலீஷ்ல எழுத்து மொத்தம் 26 தானே, 2001-ல இசட் வந்து முடிஞ்சுது, 2002-ல மறுபடி ஏ. அதனால "ஏ ஜி"ன்னு ஒரு பார்ட்ல இருந்தா அது 1976 ஜூலையாவும் இருக்கலாம், 2002 ஜூலையாவும் இருக்கலாம். டிரெய்லர்னா, அதாவது பின் கியர மாத்துற அந்த மெஷின்னா, பாத்தவுடனே தெரிஞ்சுடும், 1976-ல வந்ததுக்கும் 2002-ல வந்ததுக்கும் உருவத்துலயே அவ்ளோ வித்தியாசம். சின்னச் சின்ன ஃப்ரீவீல், நட்டு, கப்பு மாதிரி சாமான்லதான் மாட்டிக்குவோம், அது ரெண்டு காலத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதுல இன்னொரு வில்லங்கம், போட்டிக் கம்பெனி சன்டூரும் இதே மாதிரி ரெண்டு எழுத்துதான் போட்டாங்க, வருஷம் மாசம்ங்கிற வரிசையும் அதே, ஆனா அவங்க கணக்குல ஏ-ன்னா 1984. ஒரே எழுத்து, எட்டு வருஷ வித்தியாசம். ஷிமானோ பட்டியல வச்சுக்கிட்டு சன்டூர் பார்ட்டப் படிச்சு 1976-ன்னு விலை சொல்றவங்க இன்னைக்கும் இருக்காங்க. எந்தக் கம்பெனியோட பார்ட்டோ அந்தக் கம்பெனிப் பட்டியல மட்டும்தான் எடுக்கணும், பொதுவான பட்டியல்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

காம்பக்னோலோன்னு வந்தா கலெக்டர்ஸ் எல்லாரும் கொஞ்சம் சாமியாடுவாங்க. இத்தாலில விசென்சா ஊர்ல 1933-ல துல்லியோ காம்பக்னோலோ ஆரம்பிச்ச கம்பெனி, ரேஸ் சைக்கிள் உலகத்துல பல வருஷம் இவங்க வச்சதுதான் சட்டம். இவங்களோட நுவோவோ ரெக்கார்டு டிரெய்லர் 1967-ல வந்துச்சு. ஆரம்பத்துல வந்த பீஸ்ல பேட்டண்ட்னு மட்டும் இருக்கும், 1970-கள்ல வந்ததுல "பேட்டண்ட் 74"ன்னு நம்பரோட இருக்கும். அதப் பாத்தா யாருக்கா இருந்தாலும் என்ன தோணும், 1974-ல பேட்டண்ட் வாங்கியிருக்காங்கன்னுதான் தோணும். அப்படிக் கிடையாது, அது அந்த பீஸ் தயாரான வருஷம். இதுக்கு நேர் எதிரா, இங்கிலாந்து பார்ட் மேல "பேட்டண்ட் நம்பர்"னு போட்டு ஆறு இலக்க எண் இருந்தா அது நிஜமான பேட்டண்ட் எண், அதத் தேடிப் புடிச்சா பேட்டண்ட் குடுத்த வருஷம் கிடைக்கும், ஆனா அந்த பார்ட் அதுக்கு இருபது வருஷம் கழிச்சு கூட அதே எண்ணோட ஃபேக்டரில இருந்து வந்திருக்கலாம். ஒரே வார்த்தை, ஒரு கம்பெனில தயாரிப்பு வருஷம், இன்னொண்ணுல பேட்டண்ட் மட்டும்.

இதவிட அழகான பொறி ஒண்ணு இருக்கு. காம்பக்னோலோவோட பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஆக்ஸில், அதாவது ரெண்டு பக்கத்துப் பெடல் கிராங்கையும் சேக்குற நடு ஆக்ஸில், அத வெளிய எடுத்தா "68 எஸ் எஸ்"னு அடிச்சிருக்கும். புதுசா வர்றவங்க கண்ணு விரியும், 1968 பார்ட் கிடைச்சுடுச்சுன்னு. அந்த 68 மில்லிமீட்டர். ஃபிரேமோட அடிப்பகுதி குழாய் அகலம், இங்கிலீஷ் அளவு ஃபிரேமுக்கு 68, இத்தாலிய அளவுக்கு 70. ஆக்ஸில்ல 70-ன்னு இருந்தாலும் அது 1970 இல்ல, இத்தாலிய ஃபிரேமுக்கான ஆக்ஸில். ஜப்பான் ஆக்ஸில்ல "3 எஸ்", "5 எஸ்" மாதிரி இருக்கிறதும் அளவுக் குறிதான், தேதி இல்ல. கிராங்க் மேல 170-ன்னு இருந்தா அது கிராங்க் நீளம். ஒரு சைக்கிள்ல நம்பர்னு நூறு இருக்கும், அதுல தேதி எதுன்னு தெரிஞ்சுக்கிறதுலதான் முக்காவாசி வேலை.

காம்பக்னோலோ ஹப்புல இன்னொரு கூத்து. நிறைய ரெக்கார்டு ஹப்ல வருஷத்தோட கடைசி ரெண்டு நம்பர எங்க அடிச்சாங்கன்னா ஆக்ஸில் லாக்நட்டுல, அதாவது ஆக்ஸில் முனையில கோன இறுக்கிப் பிடிக்கிற நட்டுல. ஹப்புலயே ரொம்ப சுலபமா கழண்டு தொலையுற சாமான் அதுதான். கோன் (பால்ஸ் உருளுற கூம்பு நட்டு) தேஞ்சுபோச்சுன்னு ஆக்ஸில் செட்டையே மாத்துனா ஹப்போட பொறந்த தேதியும் சேந்து போயிடும், அடுத்தவர் வாங்கும்போது ஹப்போட வயசு பத்து வருஷம் குறைஞ்சிருக்கும்.

தேதியே அடிக்காத பார்ட்ஸுக்கு வடிவத்த வச்சுதான் சொல்லணும். காம்பக்னோலோ ரெக்கார்டு கிராங்க்ல செயின் வீல் மாட்டுற போல்ட்டெல்லாம் ஒரு வட்டத்துல இருக்கும்ல, அந்த வட்டத்தோட குறுக்களவு முதல்ல 151 மில்லிமீட்டர், 1967 வாக்குல அத 144 ஆக்குனாங்க. ஸ்கேல் வச்சு அளந்தாலே எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும். அதே மாதிரி சாய்வா இருக்கிற பேரலலோகிராம் (இணைகர வடிவ) டிரெய்லர் சன்டூரோட கண்டுபிடிப்பு, 1964-ல வந்தது, பேட்டண்ட் காலம் 1984-ல முடிஞ்சப்புறம்தான் மத்த கம்பெனியெல்லாம் வரிசையா அதுக்கு மாறுனாங்க. அதனால ஷிமானோ டிரெய்லர்ல அந்தச் சாய்வப் பாத்தீங்கன்னா எழுத்தப் படிக்கிறதுக்கு முன்னாடியே 1980-கள் நடுவுக்கு அப்புறம்னு ஊகிச்சுடலாம். எனக்கு இந்த மாதிரி துப்புதான் ரொம்பப் பிடிக்கும், ஸ்டாம்ப் தேஞ்சு போகலாம், உருவம் தேயாது.

ஆனா நம்ம ஊர்ல கிடைக்கிற வண்டிக்கு இந்த உருவக் கணக்கு சுத்தமா வேலைக்கு ஆகாது, அதுதான் கொடுமை. ராடு பிரேக், 28 இஞ்ச் சக்கரம், காட்டர் பின் (ஆப்பு மாதிரி ஆணி) அடிச்சு இறுக்குன கிராங்க், இந்த ரோட்ஸ்டர் வடிவம் இங்கிலாந்துல ரொம்ப முன்னாடியே ஒரு நிலைக்கு வந்துருச்சு, அதுக்கப்புறம் அதையே உலகம் பூரா அச்சு மாறாமச் செஞ்சாங்க. சீனாவுல ஃப்ளையிங் பிஜன் 1950-ல ஆரம்பிச்சு அதே வடிவம். இங்க 1949-ல டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பிச்சு அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் போட்டாங்க, முருகப்பா குழுமமும் இங்கிலாந்து ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேந்து செஞ்சது. மேற்கு வங்கத்துல அசன்சோல்ல சென் ராலே. லூதியானாவுல 1956-ல ஹீரோ. ஹெர்குலிஸ்ங்கிற பேரு முதல்ல பர்மிங்ஹாம்ல இருந்து வந்துச்சு, அப்புறம் அம்பத்தூர்ல இருந்து வந்துச்சு, வடிவம் அதே, கறுப்பு பெயின்ட்டும் அதே. எந்த ஹெர்குலிஸ்னு பேர மட்டும் பாத்து சொல்லவே முடியாது, "மேட் இன் இங்கிலாந்து"ன்னு எந்தெந்த பார்ட்ல இருக்கு, எந்தெந்த பார்ட்ல இல்லன்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். அதுக்கும் மேல அம்பது அறுபது வருஷம் தெனமும் ஓடுன வண்டி, பெடல், செயின், ஃப்ரீவீல், மட்கார்டு எல்லாம் பல தடவ மாறியிருக்கும். ஓடுன வண்டியில ஒரிஜினல் பார்ட் இருக்கணும்னு எதிர்பாக்குறதே தப்பு, ஓடாம பரண்ல கிடந்த வண்டியிலதான் அது கிடைக்கும்.

நாட்டுப் பேரச் சொன்னேன்ல, அது உண்மையிலயே நல்ல துப்பு, பல சமயம் கோட விட நம்பலாம். "மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி"ன்னு ஒரு டைனமோவுலயோ பெல்லுலயோ இருந்தா அது 1949-க்கும் 1990-க்கும் நடுவுல, ஏன்னா அந்தப் பேர்ல ஒரு நாடு இருந்ததே அப்பதான். டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம்.னு எழுத்து இருந்தா 1945-க்கு முந்துன ஜெர்மன் பேட்டண்ட் பதிவு. ஃபிரெஞ்சு பார்ட்ல பிரவெத்தேன்னு போட்டு எஸ்.ஜி.டி.ஜி.ன்னு நாலு எழுத்து இருந்தா பேட்டண்ட் உண்டு, ஆனா அரசாங்கம் உத்தரவாதம் தரலன்னு அர்த்தம், அந்த வழக்கம் 1968-ல முடிஞ்சுது. இதுலயும் பழைய அச்ச மாத்தாம சில வருஷம் ஓட்டுற கம்பெனி இருக்கும், அதனால முடியுற வருஷத்த கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சுக்கணும்.

முலாம் பத்தியும் கேள்விப்பட்டிருப்பீங்க. சுமார் 1930 வரைக்கும் சைக்கிள்ல நிக்கல்தான் பூசுனாங்க, லேசா மஞ்சளடிச்ச வெள்ளி மாதிரி இருக்கும், அப்புறம் குரோமியம், அது நீலமா பளபளக்கும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல குரோமியத்துக்குத் தட்டுப்பாடுன்னு நிறைய பார்ட்டுக்கு வெறும் கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டாங்க. துப்புன்னு பாத்தா நல்ல துப்பு, ஆனா யாராவது மறுமுலாம் போட்டாலோ, துருவ மறைக்க கறுப்பு அடிச்சாலோ காலி.

ஃபிரேம் நம்பர் இருக்கே அதப் பாத்தா முடிஞ்சுதுல்லன்னு கேப்பீங்க. ராலே ஃபிரேம் நம்பர் மாதிரி தலைசுத்துற விஷயம் வேற இல்ல, வருஷம் பூரா ஒரே வரிசையாப் போகல, முழுப் பதிவேடும் கையில இல்ல, ரெண்டு பேர் ரெண்டு பட்டியல் வச்சுக்கிட்டு ஒரே நம்பருக்கு ரெண்டு வருஷம் சொல்வாங்க. அதனாலதான் இங்கிலாந்துக்காரங்களே ஃபிரேம் நம்பர விட ஸ்டர்மி ஹப் தேதிய நம்புறாங்க.

அப்ப எப்படித்தான் முடிவு பண்றது? பஞ்சாயத்துல சாட்சி விசாரிக்கிற மாதிரிதான், ஒருத்தர் சொல்றத வச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது. வண்டியில தேதி தெரியுற பார்ட்ட எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க. பின் ஹப் 58 ஏப்ரல், முன் சக்கரத்துல டைனோஹப் (உள்ளயே டைனமோ வச்ச ஸ்டர்மி ஹப்) இருந்து அதுல 58 மார்ச்னு இருந்தா ரெண்டும் ஒத்துப் போகுது, தனித்தனியா வந்து தற்செயலா ஒத்துப் போறதுக்கு வாய்ப்பு கம்மி, அப்ப 1958 கோடைங்கிறது வலுவான ஊகம். மூணாவதா ஒரு பார்ட் 1971-ன்னு சொல்லுதா, வண்டிய 1971 ஆக்கிடாதீங்க, அது மாத்துன பார்ட்டான்னு பாருங்க. எவ்ளோ சுலபமா கழட்டக் கூடிய பார்ட்டோ அவ்ளோ கம்மியா நம்பணும். பெடல், சீட், பெல் சொல்ற சாட்சிக்கு மதிப்பே கிடையாது. ஹெட்செட் கப் (ஹேண்டில் பாருக்குக் கீழ ஃபிரேம்ல இருக்கிற பேரிங் கப்), பி.பி. கப் மாதிரி ஃபிரேம்ல இறுக்கமா உக்காந்திருக்கிற சாமானுக்கு மதிப்பு ஜாஸ்தி, யாரும் சும்மா மெனக்கெட்டு அத மாத்த மாட்டாங்க. சீட்டுன்னதும் ப்ரூக்ஸ் ஞாபகம் வரும், 1866-ல இருந்து இருக்கிற பர்மிங்ஹாம் கம்பெனி, பி 17 மாடல் நூறு வருஷத்துக்கும் மேல வந்துக்கிட்டே இருக்கு, இன்னைக்கும் கடையில புதுசா வாங்கலாம், மாடல் பேர வச்சு என்ன வருஷம் சொல்ல முடியும்?

இவ்ளோ மண்டைய உடைக்கிறதுக்குக் காரணமும் இருக்கு. இத்தாலில காயோலேங்கிற ஊர்ல 1997-ல இருந்து எரோய்க்கான்னு ஒரு பழைய சைக்கிள் ஓட்டம் நடக்குது, அதுல 1987-க்கு முந்துன ரேஸ் வண்டிதான் ஓட்டணும். விக்கிறவங்களுக்கு வருஷம் முன்னாடி போகப் போக விலை ஏறும், அதனால சந்தேகம்னு வந்தா அவங்க எப்பவும் முந்துன வருஷத்தையே சொல்வாங்க, இது மனுஷ சுபாவம். ஃபிரேம்ல ரெனால்ட்ஸ் 531 (ஃபிரேம் செய்யுற ஸ்டீல் குழாயோட பேர்) ஸ்டிக்கர் இருக்கு, அதனால இது பழசுன்னு ஒருத்தர் சொன்னா, அந்தக் குழாய் 1935-ல இருந்து பல பத்தாண்டு வந்ததுன்னும், ஸ்டிக்கர இப்ப புதுசா அச்சடிச்சு விக்கிறாங்கன்னும் ஞாபகம் வச்சுக்கோங்க. விளம்பரத்துல ஒரே வருஷத்த அடிச்சுச் சொல்றவர விட "சுமார் 1958-லிருந்து 60"ன்னு போட்டு, எத வச்சுச் சொல்றார்னும் எழுதுறவர்கிட்ட நான் தைரியமா வாங்குவேன்.

கடைசியா கை வேலை. ஸ்டாம்ப் தெரியலன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, அடிச்ச எழுத்து ரொம்ப மேலோட்டமாத்தான் இருக்கும், துருவோட சேந்து அதுவும் போயிடும். மண்ணெண்ணெயில ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால கிரீஸ எடுத்துட்டு, ரூம இருட்டாக்கி டார்ச்ச நேரா அடிக்காம சைடுல இருந்து அடிச்சுப் பாருங்க, 3-ஆ 8-ஆன்னு தெரியாம இருந்தது பெரும்பாலும் அப்பத் தெரிஞ்சுடும். கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்துருங்க, எந்தப் பக்கத்து லாக்நட்டு எந்தப் பக்கம் இருந்துச்சுங்கிறது வரைக்கும்.